பியட்றிஸ் காணாமல் போன சனிக்கிழமை

கொழுந்து எடுக்கிற பெண்ணின் ரவிக்கை முதலில் கிழிவது கக்கத்தில்தான். நாள் முழுக்கக் கை முன்னால் நீளும், பக்கவாட்டில் நீளும், கொழுந்தைப் போடத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குப் போகும். தையல் எத்தனை நாள் தாங்கும்? இந்தச் சின்ன விஷயத்தைக் கவனித்ததில்தான் பியட்றிஸின் கம்பனி பிறந்தது.

அப்போது அவள் புருஷன் லியோன் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார். புதுப் பெண்ணாக அங்கே போன பியட்றிஸுக்குப் பொழுது போகாது. சீதனமாகக் கொண்டுபோன தையல் மெஷினில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பெண்களின் கிழிசல்களைத் தைத்துக் கொடுப்பாள். பத்துச் சட்டை வந்தால் ஒன்பது கக்கத்தில் கிழிந்திருக்கும். ஒருநாள் கிழிசலை இழுத்து மூட்டாமல், அந்த இடத்தில் நாலு மூலைத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துப் பார்த்தாள். அந்தச் சட்டை ஒரு வருஷம் கிழியவில்லை. அடுத்த மாதம் இருபது பேர் வாசலில் நின்றார்கள்.

லியோனுக்குக் கண்டி டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கிடைத்து, கட்டுக்கலையில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டுக்கு வந்தபிறகும் அவள் அதை விடவில்லை. அளவு எடுத்துத் தைத்தால் கட்டாது என்று சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவில் ஆயத்தச் சட்டைகள் தைத்தாள். பிடரிப் பக்கம் உள்ளே, மகளின் பெயரைச் சிவப்பு நூலில் ‘கிறேஸ்’ என்று பின்னி வைத்தாள். தோட்டங்களில் அதற்குக் கிறேஸ் சட்டை என்றே பெயராகிவிட்டது. ஒரு மெஷின் ஐந்தாகி, முன்னறை தொழிற்சாலையாகி, வருகிறவர்களை உட்காரவைக்கக் கதிரை போடவும் இடமில்லாமல் போனது. சூசையம்மா என்கிற நடுவயசுக்காரி மற்ற நாலு பெண்களுக்கும் மேற்பார்வை.

தைப்பது வீட்டில், விற்பது மலையில். சம்பளம் கையில் விழுகிற அன்றைக்குத்தான் தோட்டத்துப் பெண் தனக்கென்று ஒரு சட்டை வாங்குவாள். மறுநாள் போனால் அந்தக் காசு அரிசிக்கும் சாராயத்துக்கும் போயிருக்கும். சம்பள நாளோ தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. ஆகவே மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் பியட்றிஸ் மூட்டையோடு வெளியேதான். மாத்தளை, வத்தேகம, கம்பளை, புசல்லாவை என்று ரயிலும் பஸ்ஸும் மாறி மாறிப் போவாள். தெரிந்த வாத்தியார் வீடுகளில், கங்காணி வீடுகளில் தங்குவாள்.

அந்த நாட்களில் லியோன் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு வடிப்பான், பருப்பு வைப்பான், ஒன்பது வயது கிறேஸுக்குத் தலை சீவிவிடுவான். ஒரு சடை காதுக்கு மேலேயும் மற்றது காதுக்குக் கீழேயுமாக நிற்கும். மூன்று வயது அருள், பகலெல்லாம் மெஷின்களுக்கு நடுவே வெட்டுத்துணிக் குவியலில் புரண்டு வளர்ந்தான். “பொம்பளை ஊர் சுத்துறா, ஆம்பளை உலை வைக்கிறான்” என்று தெருவில் சொன்னார்கள். லியோன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பியட்றிஸ் போட்டுக்கொண்டாள்; வெளியே காட்டவில்லை.

கண்டி டவுனில் கொழும்பு வீதித் துணிக்கடைக்காரர் சாஹுல் ஹமீது வருஷா வருஷம் கொடுக்கிற கலண்டர் ஒன்று சுவரில் தொங்கியது. மாதம் பிறந்தவுடனே பியட்றிஸ் நீலப் பென்சிலால் எந்தத் தேதிக்கு எந்த ஊர் என்று அதில் எழுதிவைப்பாள். அது தன் ஞாபகத்துக்காக எழுதுவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

*

1932ஆம் வருஷம். தேயிலை விலை விழுந்து தோட்டங்கள் தள்ளாடிய காலம். பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கலண்டரில் எழுதியபடி மத்தியான ரயிலில் வத்தேகமவுக்குப் போக பியட்றிஸ் இரண்டு மூட்டைகளோடு கண்டி ஸ்டேஷனில் நின்றாள். மறுநாள் சனிக்கிழமை அங்கே சந்தை. பக்கத்துத் தோட்டத்தில் சம்பளமும் அன்றைக்கேதான். சீட்டு எடுக்கப்போகிற நேரத்தில் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையே எதிரில் வந்தார்.

“நாளைக்கு எங்க தோட்டத்துல சம்பளம் இல்லைம்மா. கொழும்புல இருந்து காசு வரல. அடுத்த கிழமைன்னு துரை சொல்லிட்டாரு. நீங்க வீணா அலையாதீங்க.”

பியட்றிஸ் மனக்கணக்குப் போட்டாள். புசல்லாவையில் இரண்டு தோட்டங்களுக்கு நாளைக்குத்தான் சம்பளம். போன மாதம் அங்கே போக முடியவில்லை. பஸ் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரலாமென்றால் போக வர அரைமணிக்கு மேல் ஆகும், பஸ் போய்விடும். கூலிக்காரனிடம் சொல்லியனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ‘எந்த ஊர்ல இருந்தா என்ன, வீட்டுல இல்லைங்கிறது ஒண்ணுதானே’ என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றினாள்.

சனிக்கிழமை புசல்லாவையில் மழை தூறிக்கொண்டிருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் சாக்குப் படங்கு விரித்து உட்கார்ந்தவளிடம் மூன்று மணிக்குள் ஒரு சட்டையும் மிஞ்சவில்லை. “அடுத்த மாசம் பச்சைக் கலர்ல கொண்டாங்க” என்று பெண்கள் சொல்லிப்போனார்கள். அன்றைக்கு, அங்கே வழக்கமாகத் தங்குகிற வாத்தியார் வீட்டில் தங்கி, ஞாயிறு காலைப் பூசை கண்டு, புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் சுகத்தை வேண்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அருளுக்கு ஒரு மர பொம்மையும் கிறேஸுக்கு ஊதா ரிப்பனும் கம்பளையில் வாங்கிக்கொண்டாள். வெறும் மூட்டைத்துணியை மடித்துக் கக்கத்தில் இடுக்கியபடி அவள் கட்டுக்கலைத் தெருவில் திரும்பியபோது மத்தியானம் பன்னிரண்டரை.

வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நடுவில் சாஹுல் ஹமீது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பியட்றிஸ் நடையை எட்டிப் போட்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிறேஸ் ஓடிவந்தாள். வந்தவள் கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டடி தள்ளி நின்று தாயைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“அம்மா, நீங்க காணாமப் போயிட்டீங்க” என்றாள்.

*

நடந்தது இதுதான்.

சனிக்கிழமை காலையில், தையல் பெண்கள் வருமுன், மெஷினுக்கு அடியில் ஒரு பொட்டலத்தை கிறேஸ் கண்டாள். பழைய விரிப்பில் சுற்றி, மேலே தாயின் கையெழுத்தில் ‘வத்தேகம’ என்று துண்டு குத்தியிருந்தது. பெரிய அளவுச் சட்டைகள் பதினெட்டு. அம்மா மறந்துவிட்டுப் போய்விட்டாள். அங்கே போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள் என்று பிள்ளை நினைத்தது. அப்பா சந்திக் கடைக்குப் போயிருந்தான். அந்தோனியாருக்கு மெழுகுதிரி வாங்க டப்பாவில் சேர்த்த சில்லறையிலிருந்து அரை டிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டு, “அம்மாகிட்ட குடுத்துட்டு வர்றேன்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டது.

லியோன் திரும்பிவந்தபோது அவள் ஞானோபதேச வகுப்புக்குப் போயிருப்பாள் என்று எண்ணினான். அருள் காலை முழுக்க, “அக்கா ரயில்ல போச்சு, அக்கா ரயில்ல போச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பாதையோரத்து வீட்டில் வளர்கிற பிள்ளை, நாள் முழுக்க ரயிலைத்தானே பேசும்? யாரும் கேட்கவில்லை. பதினொன்றரைக்கு வகுப்பு விட்டு மற்றப் பிள்ளைகள் வந்த பிறகுதான் லியோனுக்குச் சுரீரென்றது.

அதற்குள் வத்தேகமச் சந்தையில் கிறேஸ் இரண்டு சுற்று சுற்றிவிட்டிருந்தாள். தாயைக் காணவில்லை. சந்தை முகப்பில் வெற்றிலை, பாக்கு, புகையிலை விற்றுக்கொண்டிருந்த ஹவ்வா உம்மா என்கிற அம்மாள், தலையில் பொட்டலத்தோடு மூன்றாவது தடவை தன்னைக் கடந்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

“யாரத் தேடுறீங்க மகள்?”

“எங்க அம்மாவ. சட்டை விக்க வந்திருப்பாங்க.”

“சட்டைக்கார அம்மா இன்னைக்கு இன்னம் வரல்லயே. வந்தா இந்தப் பக்கத்தாலதான் வரணும். இங்கயே இரிங்க. பசிக்கிதா?”

ஹவ்வா உம்மா அவளைச் சாக்கில் உட்காரவைத்து, தான் கொண்டுவந்த ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள். பிள்ளை தனியாக ரயிலேறி வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு மனம் பதறியது. ஆனால் முகத்தில் காட்டவில்லை. பக்கத்துக் கடைக்காரனை ஸ்டேஷனுக்கு விரட்டினாள். அங்கிருந்து கண்டிக்குத் தந்தி போய், கட்டுக்கலைப் பக்கத்துப் போர்ட்டர் ஒருவர் லியோன் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி ஒன்று. அருளைத் தோளில் தூக்கிக்கொண்டு லியோன் அடுத்த ரயிலுக்கு ஓடினான்.

சும்மா உட்கார்ந்திருக்கக் கிறேஸுக்குத் தெரியாது. பொட்டலத்தை அவிழ்த்துச் சட்டைகளை அடுக்கினாள். வந்த பெண்ணொருத்தி பிடரியைத் திருப்பி எழுத்தைப் பார்த்து, “கிறேஸ் சட்டையா இது?” என்று கேட்டாள். “ஓ, நான்தான் கிறேஸ்” என்றாள் பிள்ளை. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சட்டையின் சொந்தக்காரியே வந்திருக்கிறாள் என்று நாலு பேரைக் கூட்டிவந்தாள். லியோன் போய்ச் சேர்ந்தபோது பதினொரு சட்டை விற்றாகிவிட்டது.

மகளைப் பார்த்து அவனுக்கு வந்த உயிர் உடனே போய்விட்டது. பியட்றிஸ் எங்கே? நேற்று மத்தியானமே ரயிலேறப் போனவள், சந்தைக்கு ஏன் வரவில்லை? பிள்ளைகள் இருவரையும் ஹவ்வா உம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று மைல் மேலேறித் தோட்டத்துக்குப் போனான். சம்பளமே இல்லை, அந்த அம்மா வரவும் இல்லை என்றார்கள். ஸ்டேஷனில் கேட்டான், இறங்கியதாக யாரும் சொல்லவில்லை. மாலை ரயிலில் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்து, ஞாயிறு விடிந்ததும் சாஹுல் ஹமீதிடம் ஓடினான். அவர் தன் கடையாள் ஒருவனை மாத்தளைக்கும் இன்னொருவனைக் கம்பளைக்கும் அனுப்பியிருந்தார். கம்பளைக்குப் போனவனும் பியட்றிஸும் எங்கோ வழியில் எதிரெதிர் பஸ்களில் கடந்து போயிருக்க வேண்டும்.

*

கூட்டம் கலைந்தது. சூசையம்மா எல்லோருக்கும் பொதுவாக, “சரி, சரி, ஆள் வந்தாச்சு, அவங்கவங்க வீட்டுக்குப் போங்க” என்று கதவைச் சாத்தினாள். சாஹுல் ஹமீது, “அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியா வந்து சேந்தீங்க” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

லியோன் சமையலறையில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். பியட்றிஸ் வாசற்படியில் நின்றாள்.

“கணக்கப்பிள்ளை ஸ்டேஷன்லயே சொல்லிட்டாரு, சம்பளம் இல்லைன்னு. பஸ் போகப் போகுது. அதான்...” என்று தொடங்கினாள். “புசல்லாவையில எல்லாம் வித்துப்போச்சுங்க. ஒண்ணு மிஞ்சல” என்றும் சொன்னாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அந்த இடத்தில் எவ்வளவு அசிங்கமாகக் கேட்கிறது என்று தெரிந்தது.

லியோன் திரும்பவில்லை. அவன் குரலில் கோபமும் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“நீ எங்க வேணும்னாலும் போ பியட்றிஸ். நான் என்னைக்காவது வேணாம்னு சொன்னேனா? ஆனா அந்தத் தோட்டத்து ஆளு, ‘அவங்க வரவே இல்லையே’ன்னு சொன்னதுக்கப்புறம் மூணு மைல் எப்படி இறங்குனேன்னு எனக்கே தெரியாது. ஆத்துல தேடுறதா, ஆஸ்பத்திரியில தேடுறதா?”

அவன் தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தான். குரலை இறக்கிக்கொண்டு சொன்னான்:

“உனக்கு ஒண்ணு தெரியுமா? நீ இல்லாத நாள்ல, செபமாலை முடிஞ்சதும் அவ கலண்டருக்கு முன்னால போய் நிப்பா. ‘இன்னைக்கு அம்மா மாத்தளை’, ‘இன்னைக்கு அம்மா கம்பளை’ன்னு விரலை வச்சு வாசிப்பா. அதுக்கப்புறம்தான் சாப்பிட வருவா. ‘இந்நேரம் அம்மா அங்க சாப்பிடுவாங்க’ன்னு தம்பிக்குச் சொல்லுவா. நேத்து ஒண்ணும் வாசிக்கல. சாப்பிடவும் இல்லை.”

பியட்றிஸ் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். எந்த ஊரில் இருந்தால் என்ன என்று ஸ்டேஷனில் நினைத்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தனக்கு எல்லா ஊரும் ஒன்றுதான். வீட்டிலிருக்கிற ஒரு சின்னப் பிள்ளைக்கு அப்படியில்லை. தாயை நினைக்கிறதற்கு அதற்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தைத்தான் அவள் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கிவிட்டாள்.

எழுந்து முன்னறைக்குப் போனாள். கிறேஸ் மெஷின் பலகையில் உட்கார்ந்து ஊதா ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“தப்பு அம்மாது” என்றாள் பியட்றிஸ். “இனிமே எழுதுன ஊருக்குத்தான் போவேன். மாறுனா ஆளனுப்பியாவது சொல்லுவேன்.”

கிறேஸ் சற்று யோசித்தாள். “நானும் அந்தோனியார் காசை எடுத்துட்டேன்” என்றாள். “சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும்.” பிறகுதான் அழுதாள்.

*

புதன்கிழமை பியட்றிஸ் மகளையும் கூட்டிக்கொண்டு வத்தேகமவுக்குப் போனாள். ஹவ்வா உம்மாவுக்குக் கொடுக்கத் தன் கையால் தைத்த நீளக்கைச் சட்டை ஒன்று கொண்டுபோனாள். ஹவ்வா உம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் நோயில் மௌத்தாகி ஆறு வருஷம். சந்தைக் கடைதான் சோறு போட்டது. சட்டையைத் தடவிப்பார்த்து, கக்கத்துத் துண்டில் விரலை விட்டுப் பார்த்து, “நல்ல மூளை” என்றாள்.

“எம் புள்ளையப் பாத்துக்கிட்டீங்க. நான் எப்படி இந்த நன்றிய...”

“அத விடுங்க தங்கச்சி. நான் ஒண்ணு செல்லவா? மாசத்துல ஒரு நாள் வந்து கூவிட்டு நீங்க பொய்ட்டுறீங்க. நான் நித்தமும் இங்கதான் ஈக்கிறேன். தோட்டத்துப் பொம்புளைகள் வெத்திலைக்கு என்கிட்டத்தான் வாறாங்க. வெத்தில விக்கிற எடத்துல சட்டையும் வச்சா வெத்தில கோவிச்சிக்குமா?”

கிறேஸ் சிரித்துவிட்டாள். பியட்றிஸ் சிரிக்கவில்லை. ரயிலில் திரும்பி வருகிறபோது முழுக்க அதையே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடந்ததுகூட அவளுக்குத் தெரியாது.

அவள் காணாமல் போன சனிக்கிழமைக்கு முந்திய வாரம்தான் சாஹுல் ஹமீது ஒரு யோசனை சொல்லியிருந்தார். அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று மேலே மலை ஊர்களையும் பிடித்தால் கம்பனி இரண்டு மடங்காகும். துணிக்கு அவர் பொறுப்பு. பியட்றிஸ் முக்கால்வாசி ஒப்புக்கொண்டிருந்தாள். அப்படிப் போனால் மாதத்தில் இருபது நாள் அவள் வீட்டில் இருக்கமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதைத் தள்ளித்தள்ளி வைத்திருந்தாள்.

வத்தேகமவிலிருந்து வந்த மறுநாள் அவர் கடைக்குப் போனாள்.

“அட்டனுக்குச் சட்டை போகும் நானா. நான் போகல” என்றாள். அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“அது எப்படிம்மா?”

“ஊருக்கு ஒரு பொம்பளை. ஏற்கெனவே சந்தையில கடை வச்சிருக்கிறவங்க, கோயில் பக்கம் மெழுகுதிரி விக்கிறவங்க, அந்த மாதிரி. சட்டையை ரயில்ல, பஸ்ஸுல போட்டு விடுவேன். மாசத்துல நாலு நாள் மட்டும் நான் சுத்திப் பாத்துட்டு வருவேன்.”

சாஹுல் ஹமீது தாடியைத் தடவினார். “உங்க கண்ணு படாத எடத்துல சரக்கு நிக்குமா? ஒருத்தி எடுத்துட்டு ஓடிட்டா?”

“ஒருத்தி ஓடுவா. மத்தவங்க நிப்பாங்க. முன்பின் தெரியாத பொம்பளை ஒருத்தி எம் பிள்ளையையே ஒரு நாள் பூரா வச்சுப் பாத்துக்கிட்டாளே நானா, சட்டையப் பாத்துக்க மாட்டாளா?”

அவர் அதற்குமேல் மறுக்கவில்லை.

*

சொன்னதும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. முதல் மூன்று மாதமும் விற்பனை படுத்துக்கொண்டது. மாத்தளையில் ஆள் போட்ட பெண் உண்மையிலேயே சட்டைகளோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள். கம்பளையில் கூரை ஒழுகி ஒரு மூட்டை பூஞ்சணம் பிடித்தது. வீட்டிலிருந்த பியட்றிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயில் கூவும்போதெல்லாம் கை மெஷினில் நின்றுவிடும். அருளுக்கோ அவள் சமையல் பிடிக்கவில்லை. “அப்பா பருப்புத்தான் வேணும்” என்று தட்டைத் தள்ளினான். லியோன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பருப்புச் சட்டியைக் கையிலெடுத்தான். வீட்டில் தன் இடத்தைத் தான் இல்லாத காலத்தில் மற்றவர்கள் நிரப்பிக்கொண்டுவிட்டார்கள் என்பதும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதற்குள் மறுபடி நுழைய முடியும் என்பதும் அவளுக்கு விளங்கியது. கிறேஸின் தலையைச் சீவும் வேலையைத் திரும்ப வாங்கவே ஒரு மாதம் ஆயிற்று. சடை கோணலாக இருந்தாலும் அப்பா பின்னினால் இழுக்காதாம்.

ஆவணியில் காற்றுத் திரும்பியது. ஹவ்வா உம்மா மட்டும் ஒரு மாதத்தில், பியட்றிஸ் அங்கே முன்பு மூன்று மாதத்தில் விற்றதை விற்றாள். தானாகவே போய் இரண்டு ஊர்களில் தனக்குத் தெரிந்த பெண்களைப் பிடித்தும் கொடுத்தாள். அவர்கள் பச்சை கேட்டால் பச்சை, கை நீளம் கேட்டால் நீளம் என்று தகவல் கடதாசியில் வந்தது. எழுதத் தெரியாதவர்கள் சட்டையிலேயே முடிச்சுப் போட்டு அனுப்பினார்கள். தான் மட்டும் சுற்றிய காலத்தில் எந்தத் தோட்டத்துக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு நுணுக்கமாகப் பியட்றிஸுக்குத் தெரிந்ததே இல்லை. வருஷக் கடைசிக்குள் ஒன்பது ஊர்களில் ஒன்பது பெண்கள். முன்னறை போதாமல், தெருவின் மறுகோடியில் ஒரு மண்டபத்தை எடுத்து மெஷின்களை அங்கே மாற்றினாள். முன்னறைக்குக் கதிரைகள் வந்தன.

மாதத்தில் நாலு நாள் என்று சொன்னது சில மாதங்களில் ஆறாயிற்று. அது உண்மை. ஆனால் எழுதிய ஊருக்குத்தான் போனாள். மார்கழியில் ஒரு தடவை பாதையில் மண் சரிந்து பஸ் நின்றபோது, மழையில் நனைந்துகொண்டு தபால் கந்தோர் வரைக்கும் நடந்து தந்தி அடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

கிறிஸ்மஸ் லீவில் கிறேஸ், “என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க” என்று கேட்டாள். பியட்றிஸ் அவளைப் புசல்லாவைக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளை, பாதி வழிக்குள் வாந்தியெடுத்து மடியில் சாய்ந்துவிட்டது. வாத்தியார் வீட்டில் போய் இறங்கியபோது மூன்று மணி. மலையிலிருந்து பனிப்புகை இறங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் பெண்சாதி கொடுத்த இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்ததும் கிறேஸுக்குத் தெம்பு வந்தது. எழுந்து வீட்டைச் சுற்றிப்பார்த்தாள்.

“அம்மா, நீங்க எங்க படுப்பீங்க?”

பியட்றிஸ் கதவோரத்தைக் காட்டினாள். அங்கே சுருட்டிய பாய் ஒன்று சாய்ந்திருந்தது. பலகைக் கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக ஈரக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

கிறேஸ் குனிந்து அந்த இடைவெளியில் கையை வைத்துப் பார்த்தாள்.

“நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன்” என்றாள். “பெரிய கட்டில் இருக்கும், ஜன்னல் இருக்கும், லாம்பு எரியும்னு நெனச்சேன்.”

“பாய் நல்லாத்தான் இருக்கும். அம்மாவுக்குப் படுத்ததும் தூக்கம் வந்துரும்.”

பிள்ளை பாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தச் சின்ன வீட்டில் ஒவ்வொரு சுவராகத் தொட்டுப்பார்த்தபடி நடந்தாள். அடுப்பங்கரையை ஒட்டிய உட்சுவர் சூடாக இருந்தது. அங்கே கிடந்த அரிசிப் பெட்டியை முழங்காலால் தள்ளி நகர்த்திவிட்டுப் பாயை விரித்தாள். சுருக்கத்தை இரண்டு கையாலும் நீவிவிட்டாள். தானே படுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“இனிமே எங்க அம்மா இங்கதான் படுப்பாங்க” என்று வாத்தியார் பெண்சாதியிடம் சொன்னாள்.

“ஆகட்டும் தாயி” என்று சிரித்தாள் அந்த அம்மாள். பியட்றிஸ் கால் கழுவப் போவதுபோல வெளியே போய், மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரில் முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு நின்றாள்.